பிஎஸ்சி கணிதம் முடித்துவிட்டு சாஃப்ட்வேர் வெரிஃபிகேஷனில் பிஎச்டி: சரிப்பட்டு வருமா?

கொருக்குப்பேட்டை_மாணவி

வணக்கம். அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி கணிதம், கடைசி வருடம். வீடு கொருக்குப்பேட்டை. போன செமஸ்டரில் யூடியூபில் லாஜிக் பாடம் ஒன்று பார்த்தேன். ஒரு குட்டி புரோகிராமை எடுத்துக்கொண்டு, அதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல், எந்த எண்ணைக் கொடுத்தாலும் இது சரியான விடைதான் தரும் என்று பலகையிலேயே நிரூபித்துவிட்டார்கள். இந்த முறைக்கு ஹோர் லாஜிக் என்றும், இந்தத் துறைக்கு சாஃப்ட்வேர் வெரிஃபிகேஷன் என்றும் பெயர் சொன்னார்கள். அதற்கப்புறம் வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை.

அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். வீட்டில் நான்தான் மூத்தவள். கேம்பஸில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்திருக்கிறது. "வெரிஃபிகேஷன்னாலும் டெஸ்டிங்னாலும் ஒண்ணுதானே, சம்பளம் வாங்கிக்கிட்டே செய்ய வேண்டியதுதானே" என்கிறார் மாமா. இரண்டும் ஒன்றுதானா? இதையே படித்து, இதிலேயே ஆராய்ச்சி செய்து, பேராசிரியராக ஆகிறவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும்? படிக்கிற காலத்தில் காசு யார் தருவார்கள்? தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_டெஸ்டர்

பல வருடமாக டெஸ்டிங்கில் குப்பை கொட்டுகிறேன். மாமா சொல்வது தப்பு, ஆனால் வேலையை விடாதே என்பது சரி. டெஸ்டிங் என்பது ஆயிரம் உதாரணம் போட்டுப் பார்த்து, உடையவில்லை என்றால் ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடுவது. நீங்கள் சொல்வது வேறு ஜாதி.

இன்னொன்று. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் "வெரிஃபிகேஷன் இன்ஜினியர்" என்று தேடினால் வருகிற வேலைகள் பெரும்பாலும் சிப் டிசைன் வேலைகள். அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களைத்தான் கேட்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆராய்ச்சி, பிஎச்டி எல்லாம் எனக்குத் தெரியாத ஏரியா. என் கருத்து: முதலில் இரண்டு வருடம் சம்பாதியுங்கள், அப்புறம் யோசியுங்கள்.

வியாசர்பாடி_லாஜிக்

நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி, இப்போது வடக்கே ஓர் ஐஐடியில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

டெஸ்டர் அண்ணன் சொன்ன சிப் விஷயம் நிஜம். ஆனால் அந்தப் பக்கத்துக்கும் எங்களுக்கும் உறவு உண்டு. 1994-ல் இன்டெலின் பென்டியம் சிப் சில எண்களை வகுக்கும்போது தப்பான விடை கொடுத்தது. அந்த ஒரு பிழைக்கு இன்டெல் 47.5 கோடி டாலர் கணக்கெழுதியது. அதற்கப்புறம்தான் "நிரூபணம் எல்லாம் வாத்தியார்களின் பொழுதுபோக்கு" என்ற பேச்சு தொழிற்சாலைகளில் குறைந்தது. 1996-ல் ஏரியான் 5 ராக்கெட், கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்தது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்த ஒரே ஒரு வரிதான் ஆரம்பம்.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு புரோகிராமையும் அதற்கான நிபந்தனையையும் கொடுத்தால், சரியா தப்பா என்று எப்போதும் சொல்லிவிடுகிற பொதுவான வழி ஒன்று இருக்கவே முடியாது. டூரிங் என்ற கணித அறிஞர் 1936-லும், அதை விரித்து ரைஸ் என்பவர் 1953-லும் காட்டிவிட்டார்கள். எங்கள் துறை அங்கேதான் ஆரம்பிக்கிறது. முழுசாக முடியாது என்று தெரிந்த பிறகு, எதை விட்டுக்கொடுத்தால் எது கைக்கு வரும்? சிலர் நிரூபணத்தைக் கையால் எழுதி இயந்திரத்திடம் சரிபார்க்கக் கொடுக்கிறார்கள். செல்4 என்கிற குட்டி இயங்குதளத்தை 2009-ல் அப்படி நிரூபித்தார்கள். சி மொழியில் சுமார் 8,700 வரிதான். நிரூபணம் மட்டும் 2 லட்சம் வரி. சிலர், கூசோ என்ற பிரெஞ்சு ஆராய்ச்சித் தம்பதி 1977-ல் தொடங்கி வைத்தபடி, புரோகிராமைத் தோராயமாக்கிக்கொண்டு அந்தத் தோராயத்தின் மேல் உறுதி சொல்கிறார்கள். ஏர்பஸ் விமானத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளை இந்த வழியில்தான் அலசினார்கள். என் மாதிரி ஆட்கள் இன்னும் மேலே உட்கார்ந்து, தாளில் வரையறுத்த எந்த வகைக் கணித இயந்திரத்துக்கு எந்தக் கேள்வி தீர்க்கக்கூடியது என்று மட்டும் பார்ப்போம். வருடக்கணக்கில் ஒரு வரி புரோகிராம்கூட எழுதாத கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் எங்களில் நிறைய. வீட்டில் இதைப் புரியவைக்க முடியாது, முயற்சியும் வேண்டாம்.

வாழ்க்கை எப்படி அமையும் என்று கேட்டீர்கள். பொதுவாகச் சொல்வதைவிட ஆட்களைச் சொல்கிறேன். பி.எஸ். தியாகராஜன் ஐஐடி மெட்ராஸில் படித்து, அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி வாங்கி, ஜெர்மனி, டென்மார்க் என்று வேலை பார்த்து, அப்புறம் சென்னைக்கு வந்தவர். 1989-ல் கணித அறிஞர் சி.எஸ். சேஷாத்ரி ஸ்பிக் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய கணிதப் பள்ளியில் கணினி அறிவியல் பக்கத்தை அவர்தான் கட்டினார். தி.நகரில் இருந்த அந்தப் பள்ளிதான் பின்னால் சென்னை கணிதக் கழகமாகி சிறுசேரிக்குப் போனது. அவர் பிறகு சிங்கப்பூர் போய்விட்டார், ஆனால் அவரிடமும் அவர் கூட்டாளிகளிடமும் படித்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தியாவில் வெரிஃபிகேஷன் கோட்பாட்டில் இருக்கிற பாதிப் பேரைத் தொட்டுவிடலாம். இன்னொருவர் ஸ்ரீராம் ராஜமணி. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர், பெர்க்லியில் பிஎச்டி. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் டாம் பால் என்பவருடன் சேர்ந்து ஸ்லாம் என்ற கருவியைச் செய்தார். விண்டோஸ் நீலத் திரை போட்டு நின்றுபோவதற்குப் பெரிய காரணம் டிவைஸ் டிரைவர்கள், அதாவது பிரின்டர் மாதிரி கருவிகளை இயக்கும் சின்னப் புரோகிராம்கள். அவற்றைத் தானாகவே சரிபார்க்கிற கருவி அதிலிருந்துதான் வந்தது. கல்லூரி வாழ்க்கைதான் என்றில்லை, இந்தப் பாதையும் இருக்கிறது.

நீங்கள் கணிதம் என்பதால் இன்னொரு பெயர்: ராணி சிரோமணி. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கணிதத் துறையில் இருந்துகொண்டே முறைசார் மொழிகளில் (கணித விதிகளால் உருவாக்கும் எழுத்துத் தொடர்களில்) உலகம் கவனித்த ஆராய்ச்சி செய்தவர். "கணிதம் படிச்சவளுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு" என்று யாராவது கேட்டால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கல்லூரியில் கைடு காலியாக இருக்கிறார் என்று பார்த்து பிஎச்டிக்குச் சேருவது நம் பக்கத்துப் பழக்கம். இந்தத் துறையில் அது கதைக்கு ஆகாது. இது ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற தொழில். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது, எது ஏற்கெனவே செத்த கேள்வி, எது பத்து வருடத்துக்கு யாராலும் அசைக்க முடியாதது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. என் வகுப்புத் தோழி ஒருத்தி என்னைவிடக் கெட்டிக்காரி. கல்யாணம் ஆனதும் வீட்டிலிருந்து போய்வர வசதி என்று ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். கைடுக்கு இந்தத் துறையே தெரியாது. ஜர்னல் பேப்பர் எண்ணிக்கைதான் அங்கே கணக்கு. எங்கள் துறையிலோ காவ், பாப்பல், லிக்ஸ், கான்கர் மாதிரி மாநாடுகளில் வருவதுதான் பெயர். அவள் பட்டம் வாங்கினாள், ஆனால் அந்த ஆராய்ச்சியைத் துறையில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். இன்னமும் எனக்கு அதில் கோபம் உண்டு.

அதனால் முதலில் எம்எஸ்சி. சிறுசேரியில் எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு கணிதப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம், தனி நுழைவுத் தேர்வு. பிஎச்டிக்கு தரமணியில் கணித அறிவியல் கழகம், மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி மும்பை எல்லாம் இருக்கின்றன. ஜெஸ்ட் என்ற பொது நுழைவுத் தேர்வில் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கென்றே தாள் உண்டு.

காசு: பிஎச்டிக்கு நீங்கள் கொடுக்க வேண்டாம், உங்களுக்குத்தான் கொடுப்பார்கள். மத்திய அரசின் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிரதம மந்திரி ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 70,000-ல் ஆரம்பிக்கும், ஆனால் அது எல்லாருக்கும் கிடைக்காது. சில இடங்களில் பணம் மூன்று மாதம் தாமதமாக வந்து மொத்தமாக விழும். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் அதை நம்பியிருந்தால் இதை மனதில் வையுங்கள்.

பிஎச்டி ஐந்து வருடம் பிடிக்கும். பிறகு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை, பெரும்பாலும் வெளிநாடு. நான் பிரான்ஸில் இருந்தேன். சென்னைக்கும் பிரான்ஸுக்கும் இந்தத் துறையில் பழைய பந்தம், சிறுசேரியில் ரிலாக்ஸ் என்று ஓர் இந்தோ-பிரெஞ்சு கூட்டு ஆய்வகமே நடக்கிறது. நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஐஐடியில் முதல் தர உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 1,01,500. உங்கள் வகுப்பில் இப்போது டெஸ்டிங்குக்குப் போகிறவர்கள் அதற்குள் வீடே வாங்கியிருப்பார்கள். அது உறுத்தும் என்றால் இப்போதே முடிவெடுத்துவிடுவது நல்லது.

ஒரு சின்ன விஷயம், சிரிப்பாக இருக்கும். எங்கள் துறையில் பேப்பரில் பெயர்களை அகர வரிசையில்தான் போடுவோம், யார் அதிகம் செய்தார் என்ற கணக்கு கிடையாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் போய் உட்காரும். என் அப்பா பெயர் வி-யில் தொடங்குவதால் எல்லா பேப்பரிலும் நான்தான் கடைசி. இது தெரியாத ஒரு நேர்முகக் குழு "நீங்கள் எதிலும் முதல் ஆசிரியர் இல்லையே" என்று கேட்டது. முதல் பேப்பர் போடும்போதே எந்தப் பெயர் என்று முடிவு செய்துவிடுங்கள், பின்னால் மாற்றினால் இணையப் பட்டியல்களில் இரண்டு ஆளாகிவிடுவீர்கள்.

ஓய்வுபெற்ற_சிக்னல்

அயனாவரத்திலிருந்து எழுதுகிறேன். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பாப்பா, உன் கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த வேலையைத்தான் செய்தோம்.

ஒரு ஜங்ஷனுக்கு கன்ட்ரோல் டேபிள் என்று ஒன்று போடுவோம். இந்த ரூட்டைக் கொடுக்க வேண்டும் என்றால் எந்தெந்த பாயின்ட் (தண்டவாளம் பிரிகிற இடம்) எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எந்த டிராக் சர்க்யூட் (தண்டவாளத் துண்டில் ரயில் நிற்கிறதா என்று காட்டும் மின்சுற்று) காலியாக இருக்க வேண்டும், எந்த ரூட்டெல்லாம் பூட்டிக்கொள்ள வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பேசின் பிரிட்ஜ் மாதிரி இடத்தில், சென்ட்ரல் பக்கம், பீச் பக்கம், அரக்கோணம் பக்கம், கும்மிடிப்பூண்டி பக்கம் என்று பிரிகிற இடத்தில், அந்த டேபிளே கட்டுக் கட்டாக வரும். புது இன்டர்லாக்கிங் (மோதக்கூடிய ரூட்கள் ஒன்றாகக் கிடைக்காமல் பூட்டும் ஏற்பாடு) திறப்பதற்கு முன் பேனல் முன்னால் உட்கார்ந்து ஒரு ரூட்டைப் போட்டு வைத்துக்கொண்டு, மற்ற ரூட் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்போம். வரக்கூடாதது வந்தால் வேலை நின்றது. கட்டம் போட்ட தாளில் டிக் அடித்துக்கொண்டே போவோம், ராத்திரி பகல் பார்க்க முடியாது. ஒரு தடவை ஒரு கட்டத்தை அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டப் போன சின்னப் பையனை எங்கள் இன்ஸ்பெக்டர் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார். இப்போது எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங், ரிலேவுக்குப் பதில் சாஃப்ட்வேர். அதை யார் எப்படி முழுசாகப் பார்க்கிறார்கள் என்று மேலே எழுதிய வியாசர்பாடி அம்மா சொல்லட்டும்.

வியாசர்பாடி_லாஜிக்

ஐயா, நீங்கள் எழுதியதை அப்படியே என் வகுப்பில் காட்டப்போகிறேன். நீங்கள் செய்தது இரண்டிரண்டு ரூட்டாக எல்லா ஜோடியையும் பார்ப்பது. மூன்று ரூட், அதோடு நடுவில் ஒரு டிராக் சர்க்யூட் பழுது, அதோடு ஒரு பாயின்ட் பாதியில் நின்றது என்று சேர்த்தால் கணக்கு கையை மீறும். 100 டிராக் சர்க்யூட், ஒவ்வொன்றும் காலி அல்லது நிறைந்தது என்றாலே 2-இன் 100ஆம் அடுக்கு நிலைகள், அதாவது கிட்டத்தட்ட 1 போட்டு 30 சைபர். மாடல் செக்கிங் என்பது அத்தனை நிலையையும் கணினியே தேடிப் பார்ப்பது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளார்க்கும் எமர்சனும், பிரான்ஸில் சிஃபாகிஸும் குயேலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது, 2007-க்கானது. முதலில் சில ஆயிரம் நிலைகளுக்கே மூச்சுத் திணறியது. நிலைகளை ஒவ்வொன்றாக எழுதாமல் கொத்துக் கொத்தாக ஒரே சூத்திரத்தில் அடக்கலாம் என்று வந்ததும் 1990-லேயே 10-இன் 20ஆம் அடுக்கைத் தொட்டுவிட்டார்கள். பாரிஸில் 1998-ல் திறந்த 14ஆம் எண் மெட்ரோ ஓட்டுநர் இல்லாமல் ஓடுவது. அதன் பாதுகாப்பு மென்பொருளை பி முறை என்ற வழியில் நிரூபணத்தோடு சேர்த்தே எழுதினார்கள். ஐரோப்பிய ரயில்வே மென்பொருள் தரநிலையும் உச்சப் பாதுகாப்பு மட்டங்களுக்கு முறைசார் நிரூபணத்தை வலுவாகப் பரிந்துரைக்கிறது.

கொருக்குப்பேட்டை_மாணவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிக்னல் தாத்தா, எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும், இனிமேல் வேறு மாதிரிதான் பார்ப்பேன். அக்கா, ஒரு நாள் உட்கார்ந்தால் நிஜமாக என்ன செய்வீர்கள்? ஒரே ஒரு உதாரணம் காட்ட முடியுமா? இன்னொன்று, எனக்கு இரண்டாம் வருடத்தில் ஓர் அரியர் இருக்கிறது.

வியாசர்பாடி_லாஜிக்

உதாரணம் காட்டுகிறேன். இது என் வேலை இல்லை, ஆனால் நாங்கள் எல்லாரும் மாணவர்களுக்குக் காட்டுவது.

டிம்சார்ட் என்று ஒரு வரிசைப்படுத்தும் முறை. டிம் பீட்டர்ஸ் 2002-ல் பைத்தானுக்காக எழுதினார், பிறகு ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போனது. உங்கள் போனில் இருக்கலாம். அது பட்டியலில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து, அவற்றின் நீளங்களை ஓர் அடுக்கில் வைத்துக்கொண்டு, பொருத்தமானபோது பக்கத்துத் துண்டுகளைச் சேர்க்கும். அடுக்கில் எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய ஒரு நிபந்தனை உண்டு, இதைத்தான் இன்வேரியன்ட் என்போம்: ஒவ்வொரு நீளமும் தனக்கு அடுத்த இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது, அடுத்தது ஒன்றே ஒன்று என்றால் அதைவிடப் பெரியது. இது உண்மையென்றால் நீளங்கள் ஃபிபொனாச்சி வேகத்தில் ஏறும், அடுக்குக்குச் சின்ன இடம் ஒதுக்கினாலே போதும். அப்படித்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

இப்போது தாளில் எழுதுங்கள்: 120, 80, 25, 20. சரிபாருங்கள். 120 என்பது 105-ஐவிடப் பெரியது, 80 என்பது 45-ஐவிடப் பெரியது, 25 என்பது 20-ஐவிடப் பெரியது. எல்லாம் ஒழுங்கு. அடுத்து 30 நீளமுள்ள துண்டு வருகிறது. 25 என்பது 50-ஐவிடப் பெரியது இல்லை, நிபந்தனை உடைந்தது. ஆகவே 25-ஐயும் 20-ஐயும் சேர்த்து 45 ஆக்குகிறது. இப்போது அடுக்கு: 120, 80, 45, 30. புரோகிராம் கடைசி மூன்றை மட்டும் பார்க்கும். 80 என்பது 75-ஐவிடப் பெரியது, சரி என்று நிறுத்திவிடும். ஆனால் 120-ஐப் பாருங்கள். 80-ம் 45-ம் 125. உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில் நிபந்தனை செத்துக் கிடக்கிறது. கோடிக்கணக்கான உறுப்புகளுள்ள ஒரு பட்டியலைத் திட்டம்போட்டு அமைத்தால் ஜாவாவில் அடுக்குக்கு ஒதுக்கிய இடம் போதாமல் புரோகிராம் விழுந்துவிடும்.

இதை 2015-ல் ஸ்டைன் டி கோவும் அவர் குழுவும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பிழை தேடவில்லை. கீ என்ற கருவியை வைத்து இது சரி என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தார்கள். நிரூபணம் ஓரிடத்தில் நகரவில்லை, ஏன் நகரவில்லை என்று தோண்டியபோது இது வந்தது. அத்தனை வருடம் உலகம் முழுக்க ஓடிய புரோகிராம், இந்தக் காரணத்தை எந்த டெஸ்டும் காட்டவில்லை. இதில் இன்னொரு கூத்து: பைத்தான்காரர்கள் சோதிக்கும் வரியைத் திருத்தினார்கள், ஜாவாக்காரர்கள் ஒதுக்கிய இடத்தைப் பெரிசாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். என் நாட்கள் இப்படித்தான் போகும், பெரும்பாலும் முடிவில் பிழைகூட இல்லாமல். மாலை வரை ஒரு லெம்மா (நிரூபணத்தில் ஒரு படியாக வரும் சின்னத் தேற்றம்) நகரவில்லை என்றால் அடுத்த நாள் அதே லெம்மா. அது எரிச்சலூட்டாமல் "ஏன் நகரலை" என்று அரிப்பு எடுத்தால் நீங்கள் எங்கள் ஆள்.

அரியர் பற்றி: கடைசி செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள். நுழைவுத் தேர்வில் அரியரைக் கேட்க மாட்டார்கள், ஆனால் சேரும்போது பட்டம் கையில் வேண்டும். கம்பெனி ஆஃபரை இப்போதே மறுக்கவும் வேண்டாம், சேரும் தேதி அநேகமாகத் தேர்வு முடிவுக்கு அப்புறம்தான் வரும். டெஸ்டர் அண்ணன் சொன்ன இரண்டு வருட யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. சம்பளம் வந்து, வீட்டில் ஒரு கடனும் ஏறிவிட்டால் 37,000-க்குத் திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம்.

தரமணிக் கழகத்தின் தளத்தில் கருத்தரங்கு அறிவிப்புகள் போடுவார்கள். மெயில் போட்டுக் கேட்டுவிட்டு ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். கொருக்குப்பேட்டையில் ஏறி பீச்சில் இறங்கி பறக்கும் ரயில் பிடித்தால் தரமணி. முக்கால்வாசி புரியாது, பரவாயில்லை. யார் கேள்வி கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள், உங்கள் கைடு அந்த அறையில் இருக்கலாம்.

சிறுசேரித் தேர்வின் பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். ஒன்றை எடுத்து நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். கணிதம் உங்களுக்கு ஓடிவிடும், ஆட்டோமாட்டா (கணினியின் கணித மாதிரிகள்) கேள்விகளில் மாட்டுவீர்கள். மாட்டியதை இங்கேயே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கிறேன்.